பட்டறிவுப் பணியாளர்களுக்குத் துணை நிற்பது எப்படி: மனநல, போதை மீட்புச் சேவைகளை நடத்துவோருக்கு ஒரு வழிகாட்டி

மனநலச் சேவைகளிலும் போதை மீட்பு மையங்களிலும் மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர், ஆலோசகர் ஆகியோரோடு இன்னொருவரும் இப்போது பணியில் இருக்கிறார். அவர் மனநோயோடு வாழ்ந்தவர், அல்லது குடியிலிருந்தோ வேறு போதைப் பழக்கத்திலிருந்தோ மீண்டவர். அப்படி வாழ்ந்ததில் கிடைத்த அறிவைக்கொண்டு, இன்று அந்த நிலையில் இருப்பவருக்குத் துணையாக நிற்கிறார். சக ஆதரவாளர், மீட்புத் தோழர், பியர் சப்போர்ட் ஒர்க்கர் என்று இடத்துக்கு இடம் பெயர் மாறுகிறது. இங்கே பட்டறிவுப் பணியாளர் என்று குறிப்பிடுகிறேன். அவர்களை வேலைக்கு அமர்த்துவோரையும், அவர்களோடு ஒரே அறையில் வேலை செய்வோரையும் மனத்தில் வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

இவர்களுக்கு எப்படி ஆதரவு தருவது என்று கேட்கும் மேலாளர்களில் பலர், இவர்கள் மறுபடி நோயில் விழாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதையே கேட்க நினைக்கிறார்கள். அக்கறையோடு எழும் கேள்விதான், ஆனால் அது பணியாளரை முதல் நாளிலேயே நோயாளியின் நாற்காலியில் உட்காரவைத்துவிடுகிறது. இந்த வேலையை விட்டு விலகியவர்களிடம் காரணம் கேட்டால் நோயைப் பற்றிய பேச்சு குறைவாகவே வரும். தம் வேலை என்னவென்று யாருக்கும் தெரியவில்லை, குழுவில் தாம் ஒருவர் மட்டுமே அப்படிப்பட்டவராக இருந்தோம், சம்பளம் போதவில்லை, தம் கதையைக் கேட்டவர்கள் கருத்தைக் கேட்கவில்லை என்பவையே முதலில் வரும். ஆகவே ஆதரவு என்பதன் பெரும்பகுதி வேலையிடத்தைச் சரிசெய்வதில் இருக்கிறது. அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

இது நேற்று முளைத்த யோசனை என்று நினைப்பவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் பாரிஸைப் பார்க்கலாம். பிசேத்ர் மருத்துவமனையில் காசநோய் வகைக் கழலைக்கு 1771இல் சிகிச்சைக்கு வந்த ழான் பாப்திஸ்த் பூசேன் என்ற தோல் பதனிடும் தொழிலாளி, பிறகு அங்கேயே பணியாளராகி மனநோயாளர் பிரிவின் கண்காணிப்பாளரானார். நோயிலிருந்து தேறிவந்தவர்களையே இயன்றவரை அவர் ஊழியர்களாகத் தேர்ந்தெடுத்தார். அவர்கள் மற்றவர்களைவிட மனிதத்தன்மையோடு நடந்துகொள்வார்கள் என்று நம்பினார். 1793இல் அங்கே மருத்துவராக வந்த பிலிப் பினேல் அவரிடமிருந்து நிறையக் கற்றுக்கொண்டார். குடிநோயைப் பொறுத்தவரை, 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் குடியால் பாதிக்கப்பட்ட இருவர் சந்தித்ததிலிருந்து, குடியை விட விரும்புவோர் கூட்டங்களில் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு பிறந்தது. ஊதியம் பெறும் முறையான பணியாக இது நிலைபெறுவதற்குத்தான் நீண்ட காலம் ஆயிற்று. 1999இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் இச்சேவைக்குப் பொதுமருத்துவக் காப்பீட்டு நிதியிலிருந்து பணம் பெறத் தொடங்கியது. 2007இல் அந்நாட்டின் கூட்டரசு மற்ற மாநிலங்களுக்கும் வழிகாட்டிக் கடிதம் அனுப்பியபோது மூன்று நிபந்தனைகளை விதித்தது: பயிற்சியும் சான்றிதழும், பிற சிகிச்சைகளோடு ஒருங்கிணைப்பு, மேற்பார்வை. இந்த மூன்றாவதைத்தான் நிறுவனங்கள் எளிதில் மறந்துவிடுகின்றன.

இந்தப் பணி பயன் தருமா என்ற ஐயத்தோடு குழுவில் சிலர் இருப்பார்கள். அவர்களுக்கு நேர்மையான பதில் வேண்டும். இங்கிலாந்தில் மனநல நெருக்கடிக் குழுக்களின் பராமரிப்பிலிருந்து வெளியேறிய 441 பேரிடம் நடந்த ஆய்வொன்று 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. மீட்புக்கான பயிற்சிநூலைப் பட்டறிவுப் பணியாளரின் துணையோடு பயன்படுத்தியவர்களில் 29 சதவீதத்தினரும், நூலை அஞ்சலில் மட்டும் பெற்றவர்களில் 38 சதவீதத்தினரும் ஓராண்டுக்குள் அவசரச் சிகிச்சைக்குத் திரும்பினார்கள். 2013இல் வந்த, பல ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் மதிப்பாய்வோ, ஒத்த பணியைச் செய்யும் பிற தொழில்முறையாளர்களோடு ஒப்பிட்டபோது விளைவுகளில் பெரிய வேறுபாடு இல்லை என்று கண்டது. இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். இவர்களைப் பற்றி மிகைப்படுத்திச் சொல்லப்படும் ஒவ்வொரு வாக்குறுதியும், பிறகு இவர்கள் தோளில் ஏறும் சுமையாகிவிடுகிறது.

ஆள் எடுக்கும் முன்

விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே பணி விவரத்தை எழுதி முடியுங்கள். இவர் என்ன செய்வார் என்பதை எழுதுவது எளிது: நம்பிக்கை இழந்தவரோடு அமர்ந்து பேசுவார், முதல் மருத்துவச் சந்திப்புக்கு உடன் செல்வார், குழுக் கூட்டங்களை நடத்துவார், மீட்புத் திட்டம் எழுத உதவுவார், சேவையைப் பயன்படுத்துவோரின் குரல் கூட்டங்களில் ஒலிக்கச் செய்வார். இவர் என்ன செய்யமாட்டார் என்பதை எழுதுவதே கடினம், அதுவே இவருக்கு அதிகம் உதவும். மாத்திரை விழுங்கினாரா என்று வாயைச் சோதிப்பது, போதைச் சோதனைக்குச் சிறுநீர் சேகரிப்பதைக் கண்காணிப்பது, கட்டுப்படுத்திப் பிடிப்பது, கட்டாயச் சேர்க்கைக்கு ஒத்துழைப்பது ஆகியவற்றில் இவரை ஈடுபடுத்தினால், இவருடைய ஒரே முதலீடான நம்பிக்கை ஒரே நாளில் கரைந்துபோகும். வேறு வேலை செய்ய ஆள் இல்லாதபோதெல்லாம் வண்டி ஓட்டவும் வரவேற்பு மேசையில் உட்காரவும் இவரை அனுப்புவதும் இதே தவறின் மென்மையான வடிவம்.

ஒருவரை மட்டும் தனியாக எடுக்காதீர்கள். நிதி ஒரு முழுநேர இடத்துக்கே போதுமானால், அதை இரண்டு பகுதிநேர இடங்களாகப் பிரிப்பது நல்லது. தனியாக இருப்பவர் ஒவ்வொரு கூட்டத்திலும் நோயாளிகள் அனைவரின் சார்பிலும் பேசவேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறார். அவர் ஒருநாள் சோர்ந்திருந்தாலும் அந்த வகைப் பணியாளர்கள் எல்லோருமே அப்படித்தான் என்று எடுத்துக்கொள்ளப்படுகிறது. இருவர் இருந்தால் அவர்களும் தமக்குள் கருத்து மாறுபடலாம். அந்த உரிமை மற்ற தொழிலினர் எல்லோருக்கும் இருக்கிறது.

நேர்காணலில் நோயின் பெயரைக் கேட்கவேண்டாம். எத்தனை முறை மருத்துவமனையில் சேர்ந்தீர்கள், எந்தப் போதை, எவ்வளவு அளவு என்பவையும் அந்த அறையில் எழக்கூடாத கேள்விகள். உங்கள் அனுபவத்திலிருந்து கற்றதை இன்னொருவருக்கு எப்படிப் பயன்படுத்துவீர்கள், உங்களுக்கு உதவிய வழி அவருக்கு உதவவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் பதில் ஒருவரின் தகுதியைப் பெரும்பாலும் காட்டிவிடும். தாம் மீண்ட பாதை ஒன்றே பாதை என்று நம்புகிறவர் நல்ல மனிதராக இருக்கலாம். இந்தப் பணிக்கு அவருக்கு இன்னும் கொஞ்சம் பயிற்சி தேவை.

போதை மீட்புச் சேவைகள் பலவற்றில் இத்தனை ஆண்டுகள் போதையின்றி இருந்திருக்கவேண்டும் என்ற விதி இருக்கிறது. ஓர் எண்ணை வைத்துக்கொள்வதில் நிர்வாக வசதி உண்டு, ஆனால் நாட்களை எண்ணுவது நிலைத்தன்மையை அளப்பதற்கு முரட்டு அளவுகோல்தான். அதைவிடக் கவனிக்கவேண்டியது, அபின் வகைப் போதையிலிருந்து மீள மாற்றாகத் தரப்படும் மெத்தடோன், புப்ரெனார்பின் போன்ற மருந்துகளில் தொடர்ந்து இருப்பவர்களை ‘இன்னும் மீளவில்லை’ என்று ஒதுக்கும் வழக்கம். இவ்விரு மருந்துகளும் 2005 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் உள்ளன. தன் நோயாளிகளுக்குத் தானே எழுதித்தரும் மருந்தை உட்கொள்பவரை ஒரு சேவை வேலைக்கு எடுக்க மறுத்தால், அந்த மருந்தை உட்கொள்ளும் ஒவ்வொரு நோயாளிக்கும் அது என்ன சொல்கிறது என்று யோசியுங்கள். பழைய காவல்துறை வழக்குகளையும் ஒரேயடியாகத் தடையாக்காமல், வழக்கின் தன்மை, அதன்பின் கடந்த ஆண்டுகள், இப்பணியோடு அதற்குள்ள தொடர்பு ஆகியவற்றைத் தனித்தனியாகப் பரிசீலிக்கவேண்டும். இந்த வேலைக்குத் தேவையான வாழ்க்கை பல நேரங்களில் அந்த வழக்குகளோடு பின்னியே வந்திருக்கும்.

உங்கள் சேவையிலேயே முன்பு சிகிச்சை பெற்றவரை எடுப்பதானால், அவர் சேரும் முன்பே அவருடைய மருத்துவப் பதிவேட்டைப் பூட்டிவிடுங்கள். யார் திறந்து பார்த்தாலும் பதிவாகும்படி செய்து, அவருக்கும் அதைத் தெரிவித்துவிடுங்கள். முன்பு அவருக்கு மருத்துவம் பார்த்தவர் அவருக்கு மேலாளராகக் கூடாது. தொடர்ந்து சிகிச்சை தேவைப்பட்டால் வேறிடத்தில் பெற வழி செய்து தாருங்கள், இல்லையென்றால் அவர் நோயுறும்போது உதவி கேட்கவே அஞ்சுவார்.

சம்பளம்

இதில் நீட்டிப் பேச ஒன்றுமில்லை. வேலை என்றால் ஊதியம் தரவேண்டும். மதிப்பூதியமும் பயணப்படியும் கொடுத்துவிட்டு, சேவை மனப்பான்மை என்று அதற்குப் பெயர் வைப்பது நியாயமன்று. பகுதிநேர வேலையைக் கேட்பவருக்கு அதைத் தாருங்கள். முழுநேரம் செய்ய முடிந்தவரைப் பகுதிநேரத்தில் நிறுத்திவைக்காதீர்கள். அரசு உதவித்தொகை பெற்றுவந்தவராக இருந்தால், எந்த அளவு வருமானத்தில் அது நின்றுபோகும் என்பதைக் கையெழுத்திடும் முன்பே கணக்கிட்டுப் பார்க்க உதவுங்கள்.

மேற்பார்வை

இரண்டு வகை மேற்பார்வை தேவை. இரண்டையும் ஒருவரே ஒரே கூட்டத்தில் தரமுடியாது. ஒன்று நிர்வாகம் சார்ந்தது: வேலைநேரம், விடுப்பு, எத்தனை பேரைச் சந்திக்கிறார், பதிவுகள் எழுதப்பட்டனவா. இதை எந்த நல்ல மேலாளரும் செய்யலாம். மற்றது பணியைப் பற்றிச் சிந்திப்பது: ஒரு சந்திப்பில் தமக்குள் என்ன எழுந்தது, தம் அனுபவத்தை எப்போது சொன்னோம், ஏன் சொன்னோம், எங்கே நண்பராகிவிட்டோம், எங்கே சிகிச்சையாளரைப் போலப் பேசத் தொடங்கினோம். இதை அதே வழியில் நடந்து வந்த, அனுபவம் மிகுந்த இன்னொரு பட்டறிவுப் பணியாளரே நடத்தவேண்டும். உங்களிடம் அப்படி ஒருவர் இல்லையென்றால் வேறு நிறுவனத்திலிருந்து வரவழையுங்கள், தொலைபேசியிலோ காணொளியிலோ நடந்தாலும் பரவாயில்லை. முதல் மூன்று மாதங்கள் வாரம் ஒருமுறை, பிறகு இரு வாரத்துக்கு ஒருமுறை என்பது என் பரிந்துரை. ஆள் பற்றாக்குறை வந்ததும் முதலில் கைவிடப்படும் கூட்டமும் இதுதான் என்பதால், அதை நாட்காட்டியில் அசையாத இடத்தில் வையுங்கள்.

மேலாளர்கள், அதிலும் மருத்துவப் பின்னணி உள்ளவர்கள், அறியாமலே செய்யும் ஒன்றை இங்கே சொல்லவேண்டும். பணியாளர் ஒருவர் வந்து, “நேற்றுச் சந்தித்தவர் பேசியது எனக்குப் பாரமாக இருந்தது” என்கிறார். மேலாளர் உடனே, “தூக்கம் எப்படி இருக்கிறது? மருந்தைச் சரியாக எடுத்துக்கொள்கிறீர்களா?” என்று கேட்கிறார். இதே சொற்களை ஒரு செவிலியர் சொல்லியிருந்தால், என்ன நடந்தது, அந்தச் சந்திப்பை எப்படிக் கையாண்டீர்கள் என்று கேட்டிருப்பார். இந்த ஒரு வேறுபாட்டை உணரும் பணியாளர், தமக்குப் பாரமானவற்றை மேலாளரிடம் சொல்வதை அன்றோடு நிறுத்திவிடுவார். பிறகு அவர் எதையும் சொல்வதில்லை என்று நாம் வியப்பதில் பொருளில்லை. எனவே எப்போதும் வேலையைப் பற்றிய கேள்வியிலிருந்து தொடங்குங்கள். அவர் உடல்நலத்தைப் பற்றித் தாமாகப் பேசினால் கேளுங்கள். எந்த ஊழியரிடமும் காட்டும் அளவு அக்கறையைக் காட்டி, வேலையில் என்ன மாற்றம் உதவும் என்ற இடத்துக்குப் பேச்சைக் கொண்டுவாருங்கள். மேற்பார்வை நேரம் சிகிச்சையாகிவிடக்கூடாது, அவரே அதை விரும்புவதுபோலத் தோன்றினாலும்.

தனிக் கூட்டங்களோடு, பல இடங்களில் பணிபுரியும் பட்டறிவுப் பணியாளர்கள் மாதம் ஒருமுறை தாங்களே கூடிப் பேசுவதற்கும் வேலைநேரத்திலேயே இடம் கொடுங்கள். மேலாளர் இல்லாத அறையில் அவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பது, எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காது.

கதை யாருடையது

தம் வாழ்க்கையிலிருந்து ஒரு துண்டை எடுத்து, எதிரே இருப்பவருக்குப் பயன்படும்படி, பயன்படும் நேரத்தில், பயன்படும் அளவுக்கு மட்டும் சொல்வது இப்பணியின் முதன்மையான திறன். அது பயிற்சியால் கூர்மையாவது. “நானும் அந்த வார்டில் இருந்திருக்கிறேன், முதல் இரவு மிகவும் நீளமாக இருக்கும்” என்ற ஒரே வாக்கியம் போதுமான இடத்தில் அரைமணி நேர வரலாறு தேவையில்லை. சொல்லும் முன் தம்மிடமே கேட்டுக்கொள்ளச் சில கேள்விகளைப் பணியாளருக்குப் பழக்குங்கள். இதை இப்போது சொல்வது யாருக்காக? இதைச் சொன்ன பிறகு பேச்சு அவரிடம் திரும்புமா, என்னிடமே நின்றுவிடுமா? இது நாளை ஊர் முழுக்கத் தெரிந்தாலும் என்னால் தாங்கமுடியுமா? மூன்றாவது கேள்வியைத் தவிர்க்கமுடியாது. ஏனென்றால் பணியாளரைக் கட்டுப்படுத்தும் இரகசியக் காப்பு விதி சேவையைப் பயன்படுத்துபவரைக் கட்டுப்படுத்துவதில்லை. புண் இன்னும் ஆறாத பகுதிகளைத் தொடாமல் விட்டுவைக்கவும் அவருக்கு உரிமை உண்டு.

நிறுவனம் செய்யும் தவறு இங்கேதான் மிகப் பெரிது. நன்கொடையாளர் வரும் நாளில், ஆண்டு விழாவில், பத்திரிகையாளர் வந்தால், புதிய செவிலியர்களின் பயிற்சியில், அவரை அழைத்து ‘உங்கள் கதையைக் கொஞ்சம் சொல்லுங்கள்’ என்கிறோம். கேட்பவர்கள் கண் கலங்குகிறார்கள், கைதட்டுகிறார்கள். அவர் வீட்டுக்குப் போய் அன்றிரவு தனியாக இருக்கிறார். இப்படி அழைப்பதானால் சில ஒழுங்குகள் வேண்டும். மறுக்கலாம், மறுப்பதால் வேலையில் எந்தப் பாதிப்பும் வராது என்பதை எழுத்தில் கொடுங்கள். என்ன சொல்வது என்பதை அவர் முடிவு செய்யட்டும்; கேள்விகளை முன்கூட்டியே வாங்கிக்கொடுங்கள். இணையத்தில் ஒருமுறை ஏறியது திரும்ப இறங்காது என்பதையும், இன்னும் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், எதிர்கால வேலை ஆகியவற்றையும் நினைத்துப் பார்க்க அவகாசம் கொடுங்கள். ஒளிப்படமோ காணொளியோ எடுத்தால் எத்தனை காலம் பயன்படுத்தப்படும் என்று வரையறுத்து, அவர் கேட்டால் நீக்குங்கள். நிகழ்ச்சி முடிந்த மறுநாள் ஒருவர் அவரை அழைத்துப் பேசவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கதைக்காக அழைத்த அதே அரங்கில், சேவை எப்படி மாறவேண்டும் என்ற அவரது கருத்துக்கும் நேரம் ஒதுக்குங்கள்.

மீட்புக் கூட்டமும் வேலையும்

மருத்துவருக்கு வேலை முடிந்ததும் வேறொரு உலகம் இருக்கிறது. போதை மீட்புத் துறையில் வேலை செய்யும் பட்டறிவுப் பணியாளருக்கோ, மாலையில் தாம் செல்லும் கூட்டத்தில், பகலில் தம்மிடம் உதவிக்கு வந்தவரே எதிர் நாற்காலியில் அமர்ந்திருக்கலாம். ஊர் சிறிதாக இருந்தால் இது நிச்சயம் நடக்கும். வேறு கூட்டத்துக்குப் போ என்று அவரிடம் சொல்வது எளிது. ஆனால் அந்தக் கூட்டம் அவர் உயிரைக் காத்த இடமாக இருக்கலாம், அதை வேலைக்காக இழக்கச் சொல்லக்கூடாது. வேலையில் சேரும்போதே இதைப் பேசித் திட்டமிடுங்கள். பயனாளியிடம், “வெளியே சந்திக்க நேர்ந்தால் நான் முந்திக்கொண்டு வணக்கம் சொல்லமாட்டேன், நீங்கள் சொன்னால் சொல்வேன், அங்கே கேட்டது இங்கே வராது, இங்கே கேட்டது அங்கே வராது” என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவது நல்ல தொடக்கம். கூட்டத்தில் ஒருவர் சொன்னதைப் பதிவேட்டில் எழுதும்படி குழுவில் யாரும் பணியாளரைக் கேட்கக்கூடாது. உயிருக்கு ஆபத்து இருப்பதாக அங்கே தெரியவந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் தனியாக, முன்கூட்டியே, எழுத்தில் தீர்மானித்து வையுங்கள்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் மரபுகளில் எட்டாவது, அதன் உறுப்பினர் இன்னொரு குடிநோயாளிக்குச் செய்யும் உதவி தொழிலாகாமல் இருக்கவேண்டும் என்கிறது. பணியாளர் ஒருவர் அங்கே உறுப்பினராக இருந்தால், ஊதியத்துக்குச் செய்வதையும் அங்கே ஸ்பான்சராக, அதாவது இன்னொரு உறுப்பினருக்கு வழிகாட்டியாக, இருந்து செய்வதையும் கலக்காமல் இருக்கவேண்டியது அவருடைய நலனுக்காகவும் அவசியம். தம்மிடம் வேலைமுறையில் வரும் ஒருவருக்கு அவரே ஸ்பான்சராக இருப்பதைத் தவிர்க்கச் செய்யுங்கள். இதைவிட மெல்ல வரும் ஆபத்து வேறொன்று: நாள் முழுதும் மீட்பைப் பற்றியே பேசுவதால், தமக்கென்று தனியாகக் கூட்டத்துக்குச் செல்லத் தேவையில்லை என்று தோன்றத் தொடங்கும். வேலையில் அவர் பிறருக்காக இருக்கிறார். தமக்காக மட்டும் இருக்கும் அந்த ஒரு மணிநேரத்துக்கு இடையூறாக ஷிப்ட் போடாமல் இருப்பது மேலாளர் தரக்கூடிய நேரடியான உதவி.

கைபேசி எண், பணக்கடன், பரிசுப்பொருள், சமூக ஊடகத் தொடர்பு ஆகியவற்றில் மற்ற ஊழியர்களுக்கு உள்ள விதிகளை அப்படியே இவர்மேல் ஏற்றிவிடவேண்டாம். இவருடைய உறவு மற்றவர்களுடையதைவிட நெருக்கமானதாகவே இருக்கும். ஒன்றாகத் தேநீர் குடிப்பது இவருக்கு விதிமீறலன்று, வேலையே அதுதான். எல்லை எங்கே என்பதைச் சூழ்நிலைகளை எடுத்துப் பேசிப்பேசியே வரையவேண்டும்.

குழுவுக்குள்

மற்ற ஊழியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி, இவர் சேர்வதற்கு முன்பே நடக்கட்டும். இவருடைய பணி என்ன, எந்தத் தகவல் இவருக்குத் தெரியலாம், எந்த வேலையை இவரிடம் தரக்கூடாது என்பவை தெளிவாகட்டும். இவர் வந்தால் தங்கள் வேலை பறிபோகுமோ என்ற அச்சம் சிலருக்கு இருக்கும், அதை அந்த அறையிலேயே பேசவிடுங்கள்.

ஆனால் எந்தப் பயிற்சியாலும் உடனே மாறாதது ஊழியர் அறையின் பேச்சு. “அந்தக் குடிகாரன் மறுபடி வந்துட்டான்”, “இவங்க எல்லாம் நாடகம் போடறாங்க” என்று களைப்பில் யாரோ சொல்கிறார். தேநீர்க் கோப்பையோடு அங்கே நிற்கும் பட்டறிவுப் பணியாளர், தம்மைப் பற்றியும் ஒருகாலத்தில் இதே அறையில் இப்படித்தான் பேசியிருப்பார்கள் என்று உணர்கிறார். அதைத் திருத்தும் பொறுப்பு அவருடையதாக இருக்கக்கூடாது. அந்த நிமிடமே, அந்த இடத்திலேயே மேலாளரோ மூத்த மருத்துவரோ மறுப்புச் சொல்லவேண்டும்.

இவர் கூட்டத்தில் மாற்றுக் கருத்துச் சொல்லும்போது, ‘நீங்கள் உணர்ச்சிவசப்படுகிறீர்கள்’ என்றோ ‘உங்கள் சொந்த அனுபவத்தை இதில் கலக்கிறீர்கள்’ என்றோ சொல்வதை நிறுத்துங்கள். அவரை எடுத்ததே அந்த அனுபவத்துக்காகத்தான். மாறாக, எதிர்ப்பே இல்லாமல் மெல்லமெல்ல மற்றவர்களைப் போலவே பேசவும், நோயின் பெயரால் ஆட்களைக் குறிப்பிடவும், அறிகுறிகளை எண்ணவும் அவர் தொடங்கிவிட்டால், குழுவோடு நன்றாக ஒத்துப்போகிறார் என்று மகிழாதீர்கள். அவர் எதற்காக வந்தாரோ அது கரைந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அது அறிகுறி. மேற்பார்வையில் கவனமாகப் பேசவேண்டிய செய்தி அது.

கட்டாய ஊசியோ, கட்டிவைத்தலோ, தனியறையில் அடைத்தலோ நடக்கும் வார்டில் இவர் பணியிலிருந்தால், அதில் பங்கேற்காமல் விலகியிருக்கலாம் என்பது மட்டும் போதாது. அதைப் பார்ப்பதே தம் உடலில் நடந்ததை மறுபடி பார்ப்பதாக இருக்கலாம். முடிந்த உடனே வெளியே செல்ல அனுமதியும், அன்றே பேச ஓர் ஆளும் வேண்டும். நடந்ததைப் பற்றிப் பிறகு நடத்தும் ஆய்வில் அவருடைய பார்வையையும் எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நோய் திரும்பும்போது, மறுபடி குடிக்க நேரும்போது

இது நடக்கலாம். எல்லோருக்கும் நடக்கும் என்பதில்லை, ஆனால் நடந்தால் என்ன செய்வது என்பது நல்ல நாளிலேயே முடிவாகியிருக்கவேண்டும். வேலையில் சேர்ந்த சில வாரங்களில், விரும்பினால் அவரே ஒரு பக்கத் திட்டம் எழுதட்டும்: தமக்குச் சரியில்லை என்பதற்கான முதல் அடையாளங்கள், வேலையிடத்தில் யார் அதைத் தம்மிடம் சொல்லலாம், எந்தச் சொற்களில் சொன்னால் ஏற்கமுடியும், யாரை அழைக்கவேண்டும், என்ன செய்யக்கூடாது. எழுத விரும்பாதவரை வற்புறுத்தவேண்டாம். இதே தாளை எல்லா ஊழியர்களுக்கும் கொடுப்பது இன்னும் நல்லது. மருத்துவருக்கும் மனச்சோர்வு வரும்.

நோய் விடுப்பு விதிகள் மற்றவர்களுக்கு எப்படியோ அப்படியே இவருக்கும். மனநோயால் எடுக்கும் விடுப்பு, காய்ச்சலுக்கு எடுக்கும் விடுப்பைவிடக் கூடுதல் விசாரணைக்கு உள்ளாகக்கூடாது. திரும்பி வரும்போது நேரத்தைக் குறைத்துத் தொடங்கவும், கடினமான சந்திப்புகளைச் சில வாரம் தள்ளிவைக்கவும் வழிசெய்யுங்கள். ‘இனி நோயாளிகளைப் பார்க்கவேண்டாம், அலுவலக வேலை மட்டும் செய்யுங்கள்’ என்று அவரைக் கேட்காமல் முடிவெடுப்பது அக்கறையாகத் தெரிந்தாலும் தண்டனையாகவே விழும்.

போதைப் பொருளை மறுபடி பயன்படுத்தியவரைப் பொறுத்து இரண்டு கேள்விகளைப் பிரித்து வையுங்கள். வேலைநேரத்தில் போதையோடு இருந்தாரா என்பது ஒழுங்கு சார்ந்த கேள்வி. எல்லா ஊழியர்களுக்கும் ஒரே விதி. வேலைக்கு வெளியே சறுக்கினார் என்றால் அது உடல்நலம் சார்ந்தது. தாமாக வந்து சொல்பவருக்கு வேலை போகாது என்று எழுத்தில் உறுதி இருந்தால்தான் அவர் வந்து சொல்வார். அந்த உறுதி இல்லாத இடத்தில் மறைப்பார். மறைப்பது அவரைக் கொல்லக்கூடும். ஹெராயின் போன்ற அபின் வகைப் பொருள்களை நீண்ட காலம் விட்டிருந்தவரின் உடல் பழைய அளவைத் தாங்கும் திறனை இழந்திருக்கும். முன்பு பழகிய அளவே இப்போது மூச்சை நிறுத்திவிடலாம். இந்த ஆபத்தையும், அப்படி நிற்கும் மூச்சை மீட்கும் மருந்தான நலாக்சோனின் பயன்பாட்டையும் ஊழியர்கள் அனைவரும் அறிந்திருக்கவேண்டும், தம் சக ஊழியருக்காகவும்.

இறப்பு

பயனாளி ஒருவர் தற்கொலையாலோ அளவுக்கு மீறிய போதையாலோ இறந்தால், செய்தியைப் பட்டறிவுப் பணியாளர் காலைக் கூட்டத்தில் எல்லோரோடும் சேர்த்துக் கேட்கும்படி விடாதீர்கள். மேலாளர் நேரில் அழைத்துச் சொல்லவேண்டும். இறந்தவர் அவருக்குப் பயனாளி மட்டுமல்லாமல், ஒன்றாகக் கூட்டத்தில் அமர்ந்தவராக, ஒருகாலத்தில் ஒன்றாகத் தெருவில் இருந்தவராகக் கூட இருந்திருக்கலாம். இறுதிச்சடங்குக்குச் செல்ல விரும்பினால் நேரம் கொடுங்கள். அன்றைய சந்திப்புகளை வேறொருவர் ஏற்கட்டும். விசாரணைக்கு அறிக்கை எழுதவேண்டியிருந்தால் தனியாக எழுதவிடாமல் உடன் உட்காருங்கள். தாம் சொன்ன ஒன்றோ சொல்லாமல் விட்ட ஒன்றோ காரணமாகிவிட்டதா என்ற கேள்வி அவரை வாரக்கணக்கில் துரத்தும். ஒரு முறை பேசி முடித்துவிடலாம் என்று நினைக்காமல், ஒரு மாதம் கழித்தும் கேளுங்கள். இப்படிப்பட்ட இறப்புகள் அடுத்தடுத்து வரும் சேவைகளில் இந்த இழப்பின் பெரும்பங்கு பட்டறிவுப் பணியாளர்கள்மேல்தான் சேர்கிறது. எத்தனை பேரை அவர் இழந்திருக்கிறார் என்று யாராவது அறிந்திருக்கவேண்டும்.

மேலே செல்லும் வழி

பல சேவைகளில் இந்தப் பணி ஒரே ஒரு படியாக நிற்கிறது. பத்து ஆண்டு அனுபவம் உள்ளவரும் நேற்றுச் சேர்ந்தவரும் ஒரே பெயரில், ஏறத்தாழ ஒரே சம்பளத்தில் இருக்கிறார்கள். மூத்த பணியாளர், மேற்பார்வையாளர், பயிற்சியாளர், பிரிவுத் தலைவர் என்று படிகளை உருவாக்குங்கள். நிர்வாகக் குழுவில், வரவுசெலவைத் தீர்மானிக்கும் மேசையில், பட்டறிவுப் பணியாளர் ஒருவருக்கு வாக்குரிமையோடு இடம் இருந்தால், மேலே சொன்னவற்றில் பாதியை நீங்கள் யோசிக்கத் தேவையே இருக்காது, அவரே முன்வைப்பார். மேற்படிப்புக்குச் செல்ல விரும்புபவருக்கு நேரமும் கட்டண உதவியும் தாருங்கள். அவர் செவிலியராகவோ ஆலோசகராகவோ ஆனபின் தம் கடந்த காலத்தை மறைத்துக்கொள்ளத் தேவையில்லாத இடமாகவும் உங்கள் சேவை இருக்கவேண்டும்.

சிலர் சில ஆண்டுகளுக்குப் பிறகு, தம் நோயோடு இணைத்தே எப்போதும் அறியப்படுவது போதும் என்று விலக விரும்புவார்கள். அதைத் தோல்வியாகப் பார்க்காதீர்கள், தங்கும்படி நெருக்கவும் வேண்டாம். அவர் பணித்திறனைக் குறிப்பிடும் சான்றுக் கடிதம் கொடுங்கள். உடல்நலத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இருக்கக்கூடாது, பதவிப் பெயரை எப்படிக் குறிப்பிடுவது என்பதையும் அவரிடமே கேளுங்கள். அவர் பெயரும் படமும் உள்ள விளம்பரத் தாள்களையும் காணொளிகளையும் தொடர்ந்து வைத்திருக்கலாமா என்று கேட்டு, வேண்டாம் என்றால் அந்த வாரமே எடுத்துவிடுங்கள். விலகும் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, இந்த வேலையில் எது தாங்கமுடியாததாக இருந்தது, அடுத்து வருபவருக்காக எதை மாற்றவேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் சொன்னவற்றை வைத்துப் பணி விவரத்தைத் திருத்தி எழுதிய பிறகே, காலியான இடத்துக்கு அடுத்த விளம்பரம் வெளிவரட்டும்.